எக்கோவுக்குப் பின்னால் இருந்த நிஜாம் பாய்

திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நிஜாமுதீன் வஃபாத்தாகிவிட்டார்கள், அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றது குரல். அந்த ஒலிபெருக்கியில் எப்போதும் எக்கோ அதிகம், ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழும். நிஜாம் பாய் காதில் பட்டிருந்தால், "யாருங்க அது, கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்றிருப்பார். அவர் போய்விட்ட செய்தியை நான் இரண்டிரண்டு முறை கேட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரர்தான் கையிலிருந்த பையை வாங்கி வைத்தார்.

இதை வாசிக்கும் உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. வரி கட்டச் சொல்லி ஆளை வரவழைத்து, அவருக்கே டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிற மனிதர். ஓய்வு பெற்ற பிறகு மவுத்ஆர்கனும் கையுமாக ஆனார். நமது வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட பாட்டுகளுக்கெல்லாம் கைதட்டும் பொம்மையை வரிசையாகப் போட்டவர்கள் நீங்கள்தான். அந்தப் பாட்டுகளைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லச் சொன்னவள் அவருடைய மகள் ஷமீமா.

ஷமீமா பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கும் வாப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் பாட்டைப் பதிந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவளுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. டேபை வாய்க்கு நேரே வைத்தால் காற்று மைக்கில் அடித்து இரைந்தது. தலையணையில் சாய்த்து ஒரு கை தூரத்தில் வைத்தோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க வாசித்தார்.

பிறகு எஃபெக்ட் தேர்ந்தெடுக்கும் வேலை. சின்ன அறை, பெரிய ஹால், தேவாலயம், பள்ளத்தாக்கு என்று ஒலியை எந்த இடத்தில் வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். தேவாலயத்தைத் தட்டியதும் மவுத்ஆர்கன் ஆகாயத்திலிருந்து கேட்டது. "ஏங்க கணேசன், பள்ளிவாசலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு மாதா கோயில்லயா ஊதுறேன்? ஹஜ்ரத்துக்குத் தெரிஞ்சா என்னா ஆவுறது?" என்று சிரித்தார். கடைசியில் சின்ன அறையைக் கால்வாசி மட்டும் வைத்துக்கொண்டார். "மீன் புதுசா இருந்தா மசாலா எதுக்குங்க?" என்பார். அந்தப் பாட்டுகள் அப்படித்தான் இருந்தன, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததுபோல.

அடுத்த மழைக்காலத்தில் வறட்டு இருமல் பிடித்தது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, இனித் திரும்பாது என்றார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைட்ட மூச்சு விடாதீங்க. அவளுக்கு வேலை இன்னும் நெரந்தரமாவல. சொன்னா எல்லாத்தயும் போட்டுட்டு ஓடியாந்துடுவா. வந்து என்ன பண்ணப் போறா? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பா."

"உக்காந்துருக்கட்டுமே பாய்."

"ஒங்களுக்கு என்ன, ஒங்க மவன் பக்கத்துல நாகூர்ல இருக்கான்" என்று எரிந்து விழுந்தார்.

முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, நெட் சரியில்லை என்று சொல்லி வீடியோவில் பேசுவதைத் தட்டிக் கழித்தார். ஆனால் வெள்ளிக்கிழமைப் பாட்டு நின்றால் அவள் சந்தேகப்படுவாள். மவுத்ஆர்கனில் ஊதினாலும் சுரம், மூச்சை உள்ளே இழுத்தாலும் சுரம். அவருக்கு இழுக்கும் சுரங்கள்தான் முதலில் கைவிட்டன. பாட்டின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியை நிரப்ப எக்கோ போட்டோம். நெஞ்சில் கேட்ட விசில் சத்தத்தை வெட்ட, மெல்லிய ஒலிகளையெல்லாம் அடைத்துவிடும் இன்னொரு எஃபெக்ட். அதற்கும் மேலே போர்த்த, "மாதா கோயிலயே போடுங்க" என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

அப்படிச் செய்த கடைசிப் பாட்டு ஒரு தாலாட்டு, ஷமீமாவுக்கு அவள் உம்மா பாடியது. உங்களில் ஒருவர், "பாய்க்கு வயசு திரும்புது" என்றுகூட எழுதியிருந்தார். ஷமீமாவின் பதிலை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். "வாப்பா, முன்னாடிய விட நல்லா வாசிக்கிறீங்க. ஒங்க ஒடம்பு எப்படியோன்னு டிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தேன். இதக் கேட்டதும் கவல போயிடுச்சு. இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்கு வர்றேன்."

"பாத்தீங்களா, பாஸாயிட்டோம்" என்றார் நிஜாம் பாய். நான் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டேன். இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

பெருநாளுக்கு முன்பே அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து மறுநாள்தான் ஷமீமாவால் வந்து சேர முடிந்தது. வாப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். "நுரையீரலே இல்லாம போச்சுங்குறாங்க. அந்தத் தாலாட்டுல வாப்பாவுக்கு மூச்சே வாங்கலயே மாமா, எப்படி?"

நான் டேபை எடுத்தேன். எஃபெக்ட் எல்லாம் மேலே போர்த்திய துணிதான், அடியில் அசல் அப்படியே இருக்கும். தேவாலயத்தை எடுத்தேன், பாட்டு ஆகாயத்திலிருந்து இறங்கி அந்த அறைக்கே வந்தது. எக்கோவை எடுத்தேன், நடுநடுவே பாட்டு அறுந்தது. கடைசியாக அந்த அடைப்பையும் எடுத்தேன். விசில் சத்தத்தோடு அவர் ஒவ்வொரு சுரமாக இழுத்து இழுத்துச் சேர்ப்பது கேட்டது. பாட்டு முடிந்தும் பதிவு நிற்கவில்லை. நான் அனுப்பும்போது வெட்டிய இடம் அது. இருமலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. "மசாலாவக் கொறச்சுடாதீங்க கணேசன். புள்ள கண்டுபுடிச்சிடுவா."

ஷமீமா, "மறுபடி போடுங்க" என்றாள். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாருக்கும் இத அனுப்புங்க மாமா. வாப்பா எப்படி வாசிச்சாங்கன்னு தெரியட்டும்" என்றாள். பாரீஸுக்குத் திரும்பும்போது மவுத்ஆர்கனை எடுத்துக்கொண்டாள். டேப் என்னிடம் இருக்கிறது.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, அந்தத் தாலாட்டு தொடங்கும் முன் அவர் சிரமப்பட்டு உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு. அதைத்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மெனக்கெட்டு மறைத்தோம். இதோடு அந்தப் பதிவை உங்களுக்கு அனுப்புகிறேன். கைதட்டும் பொம்மை வேண்டாம். மின்விசிறியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.