அண்ணாவுக்குப் போட்ட திருவுளச்சீட்டு

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கந்தோர் நாற்காலியும் காத்திருக்கும் என்று அம்மா பகிடி பண்ணுவார். பெரியப்பா கிளாக்கர். அவருடைய சிபாரிசில் அப்பாவும் அதே கந்தோரில் கிளாக்கர். அண்ணா ஜூனியர் பரீட்சை பாஸ் பண்ணியதும், அவன் இனி லண்டன் மெட்ரிகுலேஷன் எடுத்துவிட்டு இங்கேதான் வருவான் என்று பெரியப்பா வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அண்ணாவுக்கோ அந்தப் பரீட்சைக்கு வேண்டிய இலத்தீன் மண்டையில் ஏறவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுத் தையல் மெஷின் நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். துறைமுக வேர்க்ஷொப்பில் ஐந்து வருஷம் தொழில் பழகினால் சேர்ட்டிபிக்கற் கிடைக்கும், அங்கேதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதற்கான விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். புதன்கிழமை கடைசி நாள்.

ஞாயிறு பூசை முடிந்து பெரியப்பா வந்தார்.

"எங்கட வம்சத்தில ஆர் உடம்பெல்லாம் எண்ணெயும் கரியும் பூசிக்கொண்டு திரிஞ்சது?"

அப்பா அவர் பக்கம் நின்று அண்ணாவை இன்னும் பலமாகத் திட்டினார். பெரியப்பாவுக்கு முன்னால் அப்பா எப்போதும் அப்படித்தான்; நாற்பத்தைந்து வயதிலும் கதிரையில் சாய்ந்து உட்காரமாட்டார். அண்ணா அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா அழுதுகொண்டே இருந்தார். நான் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்த பாண் துண்டை அவன் சாப்பிட்டான் என்பதை இன்றைக்குத்தான் வெளியே விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருடைய நாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்த பெரியப்பாவிடம் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, நாங்கள் கதைச்சு முடியாது. அந்தோனியாரிட்ட விடுவமே?"

திருவுளச்சீட்டு என்றால் பெரியப்பா மறுக்கமாட்டார். தன் கலியாணத்தையே அப்படித்தான் முடிவு செய்தவர். பெரியம்மாவுக்கு முன்னால் மட்டும் அதைச் சொல்வதில்லை. ஒரு துண்டில் மெட்ரிகுலேஷன், மற்றதில் வேர்க்ஷொப் என்று பேச்சு.

அப்பா மேசையில் குனிந்து, முத்து முத்தான தன் எழுத்தில் எழுதி, இரண்டையும் மடித்து, அரிசி அளக்கிற சுண்டுக்குள் போட்டார். அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். பாவமறியாத கை வேண்டும் என்று எட்டு வயதுக்காரியான என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணா கண்ணை மூடிக்கொண்டான். நான் எடுத்ததைப் பெரியப்பா விரித்து வாசித்தார். வேர்க்ஷொப். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

"அந்தோனியார் சொன்னாப் பிறகு நான் ஆர்?" என்று எழும்பிப் போய்விட்டார். அண்ணா பின்வளவுக்கு ஓடிப்போய் அழுதான்.

அம்மா குசினியிலிருந்து அரிசி அளக்கச் சுண்டைக் கேட்டார். உள்ளே மிஞ்சிக் கிடந்த துண்டை எடுத்து விரித்தேன். அதிலும் வேர்க்ஷொப் என்றே இருந்தது.

"அப்பா, நீங்கள் பிழையா எழுதிப்போட்டீங்கள்."

அப்பா வாசலை ஒருமுறை பார்த்தார். துண்டை வாங்கி மெழுகுதிரிச் சுடரில் பிடித்தார்.

"ஓம் பிள்ளை, கை தவறிப்போச்சு. பெரியப்பாவுக்குச் சொல்லிப்போடாத, என்ன?"

பிறகு விண்ணப்பத்தை எடுத்து, நிதானமாகக் கையெழுத்து வைத்தார்.

எனக்கு அப்பாவை நினைக்கப் பாவமாக இருந்தது. அன்றுபோல அவர்மேல் எனக்கு அன்பு பொங்கியதில்லை. எழுதுவதே தொழிலாக உள்ள மனுஷனுக்கு இரண்டே இரண்டு சொல்லைச் சரியாக எழுத வரவில்லையே! நகல் எடுப்பதில் பிழைவிட்ட ஒருவரைத் துரை வேலையிலிருந்தே நிற்பாட்டிய கதையை அப்பாவே சொல்லியிருக்கிறார். நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதன்பிறகு எத்தனையோ மாதம், செபத்துக்கு முழந்தாளிடும்போதெல்லாம், அந்தோனியாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எங்கள் அப்பாவுக்கு எழுத்தில் பிழை வருகிறது என்பது துரைக்குத் தெரியவே கூடாது.