ஓட்டிப் பார்த்தேன்

தெருவில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கடைக்கு எந்தச் சைக்கிள் வந்தாலும், வந்தவர் வாய் திறக்கும் முன் இவள் கை நீண்டு அந்தப் பிரேக்கை ஓர் அழுத்து அழுத்திப் பார்க்கும். பெல் ரிப்பேருக்கு வந்தவர்கூட பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டுதான் திரும்பிப் போவார். கைக்கு இவ்வளவு பிரேக் போட்ட ஆண்டவன் அந்த வாய்க்கு ஒன்று போட மறந்துவிட்டானே என்று தெருவில் சிரிப்பார்கள். அவள் காதிலும் அது விழும். விழட்டுமே, அவளுக்கென்ன.

முன்பெல்லாம் ஊர் முழுக்கச் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள். நடுவில் கல்யாணம் ஒன்று ஆனது, ஆளுக்கொரு பக்கம் போனதும் ஆயிற்று. அப்புறம் தம்பியோடு கூட்டாகக் கடை போட்டாள். ஸ்பேனர் இவளுக்கு, கல்லா அவனுக்கு. தம்பி பேச்சில் கெட்டிக்காரன். வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே அழைத்து, பூட்டு வாங்க வந்தவர் தலையில் கூடை, குடை, கண்ணாடி எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிடுவான். ஆனால் சைக்கிள் கடைக்காரன் என்று பெயரே தவிர, சைக்கிளில் ஏறி அவனுக்கு வருஷக்கணக்காகிறது. கடைக்குக் காரில்தான் வருவான். கேட்டால் முதுகு வலி என்பான். முதுகு வலிக்காரன் காரை மட்டும் குனிந்து குனிந்து துடைப்பான்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மேலே வெள்ளைப் பெயின்டில் 'சைக்கிள் சேதி' என்று எழுதியிருக்கும். கீழே அக்கா வாராவாரம் சாக்பீஸால் எழுதுவாள். ஊரில் எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எங்கே கண்ணாடிச் சில்லு கிடக்கிறது, கடைக்குப் புதிதாக என்ன சாமான் வந்திருக்கிறது, அது உருப்படியா இல்லையா, எல்லாம் அதில் வரும். "புது முன்விளக்கு வந்திருக்கிறது. நல்ல வெளிச்சம். மழை பட்டால் அணைகிறது. மழையில் வெளியே போகாதவர்களுக்கு ஏற்றது. ஓட்டிப் பார்த்தேன்." "ரயிலடிக் கீழ்ப்பாலத்தில் சில்லு. இறங்கித் தள்ளவும். ஓட்டிப் பார்த்தேன், பஞ்சராகியும் பார்த்தேன்." புது சீட் ஒன்றைப் பற்றி அவள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் கம்பெனி விற்பனையாளர் அதற்கப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

ஒவ்வொரு சேதியும் 'ஓட்டிப் பார்த்தேன்' என்றுதான் முடியும். கடையின் சட்டமே அதுதான். ஓட்டாமல் எழுதக் கூடாது. எந்த விளக்காக இருந்தாலும், எந்த டயராக இருந்தாலும், எந்தத் தெருவாக இருந்தாலும் முதலில் அக்காவின் உடம்பு அதை அனுபவித்துவிட்டு வரும், பிறகுதான் சாக்பீஸ். அதனால்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகப் போகும்போது ஒரு காலை ஊன்றி நின்று பலகையைப் படித்துவிட்டுப் போவார்கள். செய்தித்தாளை நம்பாதவர்கள்கூட அந்த இரண்டு வார்த்தையை நம்பினார்கள்.

அந்த இரண்டு வார்த்தையில்தான் தம்பி கை வைத்தான்.

அக்கா காய்ச்சலில் படுத்துவிட்ட வாரம் அது. கடைத்தெருவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் சாலையோரமாக நகராட்சி ஒரு வெள்ளைக்கோடு இழுத்து, நடுநடுவே சைக்கிள் படம் வரைந்து, அதற்குச் சைக்கிள் பாதை என்று பெயர் வைத்தது. கோடு சரியாக இவர்கள் கடை வாசல் வழியாகப் போனது. பொறியாளர் ஒருவர் கடைக்கு வந்து, உங்கள் பலகையில் இரண்டு வரி எழுதினால் நான்கு பேர் வருவார்கள் என்றார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. வாசலிலேயே பாதை, பாதை நிறைய சைக்கிள், சைக்கிள் நிறைய வியாபாரம். சாக்பீஸை எடுத்தான். "புதுச் சைக்கிள் பாதை தயார். குழந்தைகூடப் போகலாம்." முடிவில் எப்போதும் இருக்கிற வார்த்தைதானே என்று பார்த்த பழக்கத்தில் அதையும் சேர்த்துவிட்டான். ஓட்டிப் பார்த்தேன். காரை விட்டு இறங்காத மகராசன் ஓட்டிப் பார்த்தானாம்!

பலகையைப் படித்துவிட்டு அந்தப் பாதையில் போனவர்களில் ஒருத்தி தம்பியின் மனைவி.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. முதல் பஸ் வருவதற்கு முன்பே அங்கே மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிடும். ஆரம்பத்தில் புருஷன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். விட்டான் என்றால், துரை எழுந்தால் விடுவான், எழாவிட்டால் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் தூக்கம் கலைகிற வரைக்கும் வாசலில் நிற்க வேண்டும். ஒரு தடவை அப்படி நின்றவளைப் பார்த்த அக்காவுக்கு வந்ததே கோபம். அன்றைக்கே கடையிலிருந்து ஒரு பச்சைச் சைக்கிளை எடுத்து அவளுக்கு உயரம் சரிபார்த்துக் கொடுத்து, பின்னாலேயே ஓடி ஓடிக் கற்றுக் கொடுத்தாள். சந்துசந்தாக ஒரு வழியும் காட்டிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெண் யார் தூக்கத்துக்காகவும் காத்து நின்றதில்லை. முதலாளி அம்மாவைப் போல மணியடித்துக்கொண்டு போவாள்.

பலகையில் புதுப் பாதையைப் படித்தவள் சந்து வழியை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்தாள். ஒரு பக்கம் வரிசையாகக் கார்கள் நிற்க, மறு பக்கம் லாரிகள் பறக்க, நடுவில் கோடு. நின்றிருந்த ஒரு காரின் கதவு படாரென்று திறந்தது. கதவில் மோதி விழுந்தாள். முழங்கை எலும்பு உடைந்தது. லாரி எதுவும் பின்னால் வராதது அவள் செய்த புண்ணியம். கார்க்காரர் நல்ல மனுஷர்தான், அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழி முழுக்க ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம்.

"பார்க்கலைங்க."

அதைக் கேட்டு அக்கா காய்ச்சல் உடம்போடு கொதித்தாள். பார்த்தும் தெரியாமல் போனதா, இல்லை பார்க்கவே இல்லையா? இரண்டுக்கும் ஒரே வார்த்தை. தப்பு செய்தவனுக்கு எவ்வளவு சௌகரியமான வார்த்தை பாருங்கள். அது போதாதென்று, பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் நின்று, ஹெல்மெட் போட்டிருந்தாளா என்றுதான் முதலில் கேட்டார்கள். போட்டிருந்தாள். அக்காவே வார் அளவு பார்த்துக் கொடுத்த ஹெல்மெட். மூன்றாவது ஆள் கேட்டதும் அக்காவால் தாங்க முடியவில்லை.

"ஒடஞ்சது கை. அதுக்குத் தலையில என்னத்தை மாட்டச் சொல்றீங்க? கதவைத் திறந்தவர் கண்ணாடி போட்டிருந்தாரான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

கேட்டவர் கொண்டுவந்த பழப்பையை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

கடைக்கு வந்து பலகையைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு முழு விஷயமும் தெரிந்தது. தம்பியின் கோழிக்கிறுக்கலில் தன்னுடைய வார்த்தை. அவள் அன்றைக்குக் கத்தவில்லை. காய்ச்சல் விடாத உடம்போடு சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டில் ஆஸ்பத்திரி வரை போய்வந்தாள். வந்து பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுதினாள். "போன வாரம் இதில் வந்தது பொய். அது பாதை இல்லை, கோடு. கார்க் கதவுக்கும் லாரிக்கும் நடுவே போகிறது. யாரும் போக வேண்டாம். ஓட்டிப் பார்த்தேன்." பொறியாளர் மறுபடி வந்து, இப்படி எழுதினால் எப்படி, அழித்துவிடுங்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார். நீங்கள் முதலில் அதை அழியுங்கள், நான் இதை அழிக்கிறேன் என்றாள் இவள். இரண்டும் அழியவில்லை.

தம்பியோடுதான் பெரிய சண்டை. அவன் செய்த வேலை என்ன தெரியுமா? பெண்டாட்டியின் பச்சைச் சைக்கிளைக் கொண்டுவந்து கடைக்குள் உயரக் கொக்கியில் மாட்டி, விற்பனைக்கு என்று அட்டை தொங்கவிட்டான். இனிமேல் சைக்கிளும் வேண்டாம், வேலையும் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும் என்றான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை! எய்தவன் இவன், அம்பை எடுத்துக் கொக்கியில் மாட்டுகிறான்.

"பொய்யை எழுதினது நீ. தண்டனை அவளுக்கா?" என்றாள் அக்கா.

அவள் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொல்கிறேன் என்றான் தம்பி. நாலு வார்த்தை சாக்பீஸில் எழுதியது ஒரு குற்றமா, கதவைத் திறந்தவன் யாரோ ஒருவன், அதற்கு நான் என்ன செய்வேன் என்றும் கேட்டான். அக்கறையாம்! அக்கறை இருந்தவன் அந்தக் கோட்டில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருக்க மாட்டானா? கேட்டதற்குக் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணினான். அட்டையை மட்டும் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணோ இருவர் சண்டையிலும் வாயே திறக்காமல், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு அதுவும் ஓர் எரிச்சல். ஒரு வார்த்தை பேசித் தொலைத்தால் என்ன.

கட்டுப் பிரித்தார்கள். கை முன்னைப் போல முழுக்க நீளவில்லை என்றாலும் வேலை செய்யலாம் என்றார் டாக்டர். சலவைக்கூடத்தில் இருந்தும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம். தம்பி அதைக் கேட்டுவிட்டு, போட்டுக்கொள்ளட்டுமே என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். வந்து, கொக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, அதை எறக்கிக் குடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அக்கா அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஏணியைப் போட்டாள். பிரேக் கட்டை மாற்றி, சக்கரக் கோணல் எடுத்து, கைப்பிடியில் பின்னால் பார்க்கிற கண்ணாடி ஒன்று பொருத்தி, வலிக்கிற கைக்குத் தோதாக ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தினாள். சந்து வழியாகவே போ என்றாள். அது முடியாது, சந்தில் குழாய் போடத் தோண்டிவிட்டார்கள், வேறு வழியில்லை, சாலைதான் என்றாள் அந்தப் பெண். பலகைக்கு வரவேண்டிய சேதி அது. காய்ச்சலும் சண்டையுமாக அக்காவுக்கே தெரியாமல் போயிருந்தது.

திங்கட்கிழமை விடியும் நேரம். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. பால் வண்டியும் காய்கறி வண்டியும் கோட்டை ஒட்டி நின்றிருந்தன. அந்தப் பெண் சாப்பாட்டுப் பையோடு கடை வாசலில் வந்து நின்றாள். சட்டம் சட்டம்தான் என்று அக்கா பச்சைச் சைக்கிளைத் தானே ஓட்டிப் பார்க்க எடுத்தாள். தெருக்கோடி வரை போய், திரும்பி, கோட்டிலேயே வந்தாள்.

அப்போதுதான் தம்பி வந்தான். கண்விழித்துப் பார்த்து, படுக்கையில் மனைவி இல்லை என்றதும் சட்டை பொத்தான்கூடப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தவன், கடைக்கு நேரே கோட்டை ஒட்டி நிறுத்தினான். நிறுத்திய வேகத்தில் கதவைத் திறந்தான்.

புதுப் பிரேக் கட்டை பிடித்தது. அக்காவின் முன்சக்கரம் கதவைத் தொட்டபடி நின்றது. ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பார்க்கல, அக்கா."

அக்காவின் வாய்க்கு அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு பிரேக் வந்தது. வாசலில் நின்றிருந்தவள்தான் பேசினாள்.

"அந்த ஆளும் இதையேதான் சொன்னாரு."

தம்பி ஏதோ சொல்ல வந்தான். அவள் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"பலகையில இருந்தது உங்க எழுத்துன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? அக்கா எழுதினதா நினைச்சு நான் அந்த வழியில போகல. வண்டியைத் தொடாத மனுஷன் எனக்காக ஒருநாள் ஓட்டிப் பார்த்திருக்காருன்னு நினைச்சேன். அந்தச் சந்தோஷத்துல போனேன்."

அக்காவுக்கே இது தெரியாது. இத்தனை வாரமும் தன் வார்த்தை கெட்டதே, தன் பலகை கெட்டதே என்று குதித்துக்கொண்டிருந்தவள் அவள். சைக்கிளைக் கதவைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்து தம்பி கையில் ஹேண்டிலைத் திணித்தாள்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வா. இவ அதுக்கப்புறம் போகலாமா வேண்டாமான்னு வந்து சொல்லு."

தம்பி பிடித்தான். ஒரு காலைத் தூக்கிப் போட்டான். அவனை உரசிக்கொண்டு ஒரு லாரி போனது. அந்தக் காற்றில் சட்டை படபடத்தது. முன்னால் வரிசையாக நின்ற வண்டிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான். தூக்கிப் போட்ட காலை இறக்கிவிட்டான்.

"பயமா இருக்குக்கா."

மனைவி படியிறங்கி வந்து அவன் கையிலிருந்து சைக்கிளை வாங்கினாள். ஹெல்மெட் வாரை ஒற்றைக் கையால் மாட்ட வராமல், அக்கா பக்கம் தாடையை நீட்டினாள். அக்கா மாட்டிவிட்டாள்.

"எனக்கும்தான்," என்றாள் புருஷனிடம். "காரைத் தள்ளி நிறுத்துங்க. நேரமாச்சு."

அவன் ஏறி, காரைப் பின்னால் எடுத்தான். அவள் கிளம்பினாள். அக்கா கையில் ஸ்பேனரோடு கோட்டின் மேலேயே நடந்து, நின்றிருந்த வண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் தட்டிக்கொண்டே போனாள். உள்ளே ஆள் இருக்கிறதா, இருந்தால் கதவைத் திறக்கப் போகிறார்களா என்று கேட்டுக்கொண்டே. பச்சைச் சைக்கிள் வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் ஒரு கதவும் திறக்கவில்லை. அக்காவுக்குக் கோபம் மட்டும் இறங்கவில்லை.