பெனிட்டா சொல்லக் கற்ற முதல் வார்த்தை

தேவகிருபைக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. கணவன் சாந்தகுமார் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். ஒரே மகள் பெனிட்டாவுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. சந்தோஷம் வந்தால் கைகளைப் படபடவென்று உதறுவாள். பிடிக்காவிட்டால் வீடே அதிரக் கத்துவாள்.

வீட்டில் டியூஷன் வைத்தால்தான் அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சர்ச்சில் பழக்கமான மெர்சி டீச்சர் தானாகவே முன்வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தெருவில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். தேவகிருபை வேலையிலிருந்து திரும்புவதற்குள் பாடம் முடிந்துவிடும். அதுவரை கீழ்வீட்டுக் கமலம் பார்த்துக்கொள்வாள்.

சில வாரங்களில் பெனிட்டா மாறிப்போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறாள் என்று கமலம் சொன்னாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது.

"வளையல் இறுக்கியிருக்கும்" என்றான் சாந்தகுமார். "டியூஷன்னா எந்தப் புள்ளதான் ஓடி ஒளியல?"

மறுநாள் தேவகிருபை தலைவலி என்று பர்மிஷன் போட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பி வந்தாள். கமலம் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள யாரும் வரக்கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. நல்லாதான் போவுது. சத்தமே இல்ல பாரு."

பெனிட்டா விழித்திருக்கும் வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்காது. தேவகிருபை இரண்டிரண்டு படியாக ஏறிக் கதவைத் தள்ளினாள்.

பெனிட்டாவின் இரண்டு கைகளும் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டப்பட்டிருந்தன. அவள் அழவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர் இது?"

மெர்சி டீச்சர் பதறவில்லை. "கைய உதறிக்கினே இருந்தா எப்படிம்மா கவனம் வரும்? இப்ப பாரு, எவ்ளோ அமைதியா உக்காந்திருக்கா."

முடிச்சு இறுகியிருந்தது. தேவகிருபைக்கு அதைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. "நீங்க இனிமே வர வேணாம் டீச்சர்" என்றாள்.

அன்று சாயங்காலம் சாந்தகுமார் கோபப்பட்டான். "பெரியவங்களப் போய் அப்படிப் பேசலாமா? சர்ச்சுல எப்படித் தலகாட்டுறது?" தேவகிருபை மகளின் கையைப் பிடித்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். கட்டின தடத்தை விரலால் மெதுவாகத் தடவினான்.

அதன்பின் யாரையும் வீட்டுக்குள் விட அவளுக்குத் துணிவில்லை. கடைசியில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே படித்த சௌந்தர்யா வாணியம்பாடியிலிருந்து வந்தாள். தேவகிருபை லீவு போட்டுவிட்டு, பாடம் நடக்கும் இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்தாள். பெனிட்டா அம்மாவின் மடியை விட்டு இறங்கவே இல்லை.

"அக்கா, நீங்க இருந்தா அவ எங்கிட்ட வர மாட்டா" என்றாள் சௌந்தர்யா.

"எங்கண்ணு முன்னாடி நடக்குறதுன்னா நடக்கட்டும். இல்லன்னா வேணாம்."

சௌந்தர்யா கோபித்துக்கொள்ளவில்லை. "கதவு தொறந்தே இருக்கட்டும். நீங்க எப்ப வேணா சொல்லாமக்கொள்ளாம வாங்க."

தேவகிருபை அப்படியே செய்தாள். கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டுத் திடீர் திடீரென்று வந்து நின்றாள். ஒருநாள் தெருமுனையிலேயே பெனிட்டாவின் அலறல் கேட்டது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினாள். உள்ளே பெனிட்டா புது டீச்சரின் முழங்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். சௌந்தர்யா கையை இழுக்காமல், முகமெல்லாம் வேர்க்க, ஒரே வார்த்தையை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வேணாம். வேணாம்."

தேவகிருபை மகளை வாரி எடுத்தாள். "இன்னா பண்ண எம்புள்ளைய?"

"படம் சேக்குற பசில் அட்டைய எடுத்து நீட்டினேன். அவளுக்குப் புடிக்கல, கடிச்சிட்டா." சௌந்தர்யாவின் கையில் பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. "அவ எதுனா வேணாம்னா அதச் சொல்லத் தெரியணும்க்கா. நீங்க சொன்னீங்களே, அன்னிக்கு அந்தம்மா கையக் கட்டுறப்ப சொல்லத் தெரிஞ்சிருந்தா, கீழ்வீட்டு அக்காவுக்காவது கேட்டிருக்கும். அ, ஆ எல்லாம் அப்புறம்."

தேவகிருபை நின்றபடியே அழுதாள். பிறகு டெட்டாலும் பஞ்சும் எடுத்து வந்து அந்தக் கையைத் தானே துடைத்துவிட்டாள்.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் தேவகிருபை மகளுக்கு இறுக்கமாக ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். பெனிட்டா அவள் கையைத் தள்ளிவிட்டு, "ணாம்" என்றாள். தெளிவில்லாத குரல்தான், ஆனாலும் புரிந்தது. ஷேவ் செய்துகொண்டிருந்த சாந்தகுமார் பாதி நுரையோடு ஓடிவந்தான். தேவகிருபை பின்னலை அவிழ்த்துவிட்டாள். மகள் விரித்த தலையோடுதான் அன்று சர்ச்சுக்குப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் முணுமுணுக்கிறார்கள். பெனிட்டாவுக்குத் தன் பெயரை இன்னும் முழுசாக எழுத வரவில்லை. சௌந்தர்யா வந்துகொண்டிருக்கிறாள். தேவகிருபை இப்போதெல்லாம் சீக்கிரம் கிளம்பப் பர்மிஷன் கேட்பதில்லை. வேலை முடிந்து எல்லோரோடும் பஸ் ஏறித்தான் வீடு திரும்புகிறாள்.