உங்களுக்கு அப்புறம் யாரு?

செஞ்சியில் திண்டிவனம் சாலைக் கல்யாண மண்டபத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குச் சொத்தை எப்படி ஏற்பாடு செய்து வைப்பது என்று சொல்லித்தர, விழுப்புரத்திலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். எனக்கு எட்டு வயது. மேடையில் முந்தின நாள் மணமக்களின் பெயர்கள் இன்னும் ஒட்டியிருந்தன. கல்யாணச் சாப்பாடு உண்டு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் பந்தியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவாள். சிங்கவரத்தில் மல்லாட்டை விளையும் எங்கள் கொல்லை நிலத்தை விற்று அவன் பெயரில் பேங்கில் போட்டுவிடலாம் என்பது நைனாவின் கணக்கு. நாம் இல்லாத காலத்தில் அதை எடுத்து அவனுக்குச் சோறு போடுவது யார் என்பது அம்மாவின் கேள்வி. அதற்காகவே சித்தப்பாவையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார்.

பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமாக வக்கீலம்மாவின் மேசைக்குப் போக வேண்டும். டோக்கன் கிடையாது. பின்னால் வருகிறவர்கள், "உங்களுக்கு அப்புறம் யாரு?" என்று கேட்டுக் கேட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் வரிசையில் கடைசி நாற்காலி எனக்கு. கேட்டவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கி, "நான்தான்" என்றேன். "சரிங்க கலெக்டரம்மா" என்று ஒரு மீசைக்காரர் கும்பிட்டார்.

எங்கள் முறை வந்தது.

"பையன் மேஜராயிட்டான். அவனுக்காகக் கையெழுத்துப் போட சட்டப்படி ஒரு கார்டியன் வேணும். இப்போதைக்கு நீங்களே இருக்கலாம்" என்றார் வக்கீலம்மா. "உங்களுக்கு அப்புறம் யாரு?"

நைனா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா செல்போனைப் பார்த்தார்.

"இன்னாடா, சொல்லேன்" என்றார் நைனா.

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? கொல்லைய எம்பேர்ல எழுதிடுண்ணா, நான் பாத்துக்கறேன். இந்த கார்டியன், கையெழுத்துன்னாதான் டென்ஷன்."

"எழுதினா கொல்லை உங்களுது ஆயிடும். பாத்துக்கறது வெறும் வாய்ப்பேச்சா நிக்கும்" என்றார் வக்கீலம்மா.

"அப்ப நான் இன்னா திருடனா?"

வக்கீலம்மா பொறுமையாக மறுபடி கேட்டார்: "உங்களுக்கு அப்புறம் யாருங்க?"

எனக்குத் தெரிந்த கேள்வி. "நான்தான்" என்று கையைத் தூக்கினேன்.

அம்மா தொடையில் கிள்ளினாள். நைனா தரையைப் பார்த்தார். வக்கீலம்மா மட்டும் சிரிக்காமல் என் வயதைக் கேட்டார். "இன்னும் பத்து வருஷம் இருக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். எதற்குப் பத்து வருஷம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

டீ குடிக்கப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நைனா, நான் கேட்காமலே ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். தொடை எரிந்தது, நாக்கு இனித்தது. நான் செய்தது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், அம்மா என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டாள். பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாள். அண்ணனுக்குப் பல் தேய்த்துவிட அதுவரை யாரையும் அவள் விட்டதில்லை.

"தாடைய இப்படிப் பிடி. கடவாய்க்குப் போறப்ப கடிப்பான்."

நுரை என் சீருடையெல்லாம் தெறித்தது. பெரியவர்கள் நடுவில் பேசியதற்குத் தண்டனை என்று புரிந்துகொண்டேன்.

"எத்தினி நாளைக்கும்மா?"

அம்மா, அவன் பல்லில் படாதபடி என் விரலைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.