மணிக்கட்டைப் பார்க்கிறவர்

முள்முருங்கை வடை சுடுகிற அம்மாளின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் லட்சுமிநாராயணனுக்குச் சொல்லத் தெரியாது. இத்தனைக்கும் மதுரை மகாலுக்குப் பின்பக்கத் தெருவில் தினமும் சாயங்காலம் அந்த அம்மாளிடம்தான் நின்று சாப்பிடுகிறார். கண் முழுக்க அந்த அம்மாளின் மணிக்கட்டின் மேலேயே இருக்கும். தட்டிய மாவை எண்ணெய்க்குள் விடுமுன் கை எந்தப் பக்கம் திரும்புகிறது, தோள் கூடவே வருகிறதா, உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, "இடது இடுப்புல வலி வந்திருக்கு சார். நேத்துவரைக்கும் இல்ல" என்று என் காதருகே சொல்வார். நான் அந்த அம்மாளிடம் விசாரிக்கப் போனால் சட்டையைப் பிடித்து இழுப்பார். "கேட்டுறாதீங்க. கேட்டா அதையே நெனப்பாங்க. அப்புறம் வடை வட்டமா வராது."

கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பந்தை அடிக்கும்போது படமெடுத்து, அதை நத்தை வேகத்தில் ஓட்டிப் பார்த்து, உடம்பில் எது எப்போது அசைகிறது என்று பிரித்துச் சொல்வது இவருடைய தொழில். மதுரையில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கீழக்குயில்குடிப் பக்கம், சமணர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு மில் முதலாளி தன் கடலைக்காட்டுக்கு வேலி போட்டு, பந்தடித்துப் பழகும் மைதானமாக்கி வைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் அதற்குப் பந்துக்காடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் திறப்பு விழாவைப் படமெடுக்கப் போனவர்தான் லட்சுமிநாராயணன். அதுவரை அவர் கல்யாண வீடியோக்காரர்.

கல்யாண வேலையில்தான் கையைப் பார்க்கப் பழகியிருக்கிறார். "தாலி முடிச்சுப் போடும்போது எத்தன மாப்பிள்ளைக்குக் கை நடுங்கும் தெரியுமா? வீட்டுல யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடத்துல பூ விழுற மாதிரி ஒண்ணப் போட்டு மறைச்சிருவேன்" என்பார். திறப்பு விழாவில் முதலாளி அடித்த முதல் அடியை ஸ்லோ மோஷனில் ஓட்டிக் காட்டி, பந்து ஏன் வேலியைத் தாண்டிப் போனது என்று விளக்கியிருக்கிறார். முதலாளி அசந்துபோனார். இன்று பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்டக்காரர்கள் தங்கள் அடியைப் போனில் அனுப்பி அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

அவர் வாழ்நாளில் ஒரு பந்துகூட அடித்ததில்லை. மட்டையைத் தொடவே மாட்டார். நகர்த்தி வைக்க வேண்டுமென்றாலும் வேறு யாரையாவது கூப்பிடுவார். படமெடுக்கும்போது பந்தின் உயரத்துக்குக் கண் இருக்க வேண்டும் என்பதால், கோணிச் சாக்கை விரித்து முழங்காலிட்டு உட்காருவார். வெகுகாலம் அப்படி உட்கார்ந்ததில் முழங்கால் இரண்டும் காய்த்துக் கறுத்துவிட்டன. அவர் மனைவி ஹம்சவேணிக்கு இந்தத் தொழில்மேல் பெரிய மரியாதை கிடையாது. "சோறு போடும்போதும் என் கையவே பாக்குறாரு சார். ஒரு நாள் பயந்துபோய்க் கரண்டியக் கீழ போட்டுட்டேன். கட்டிக்கிட்டு இத்தன வருஷத்துல கண்ணப் பாத்துப் பேசுனது எப்பன்னு கேளுங்க." நான் கேட்கவில்லை. லட்சுமிநாராயணன் அப்போதும் மனைவி காப்பியை நீட்டிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல்ஃப் அடியின் சூத்திரத்தை அவர் எனக்குப் புரியவைத்த விதம் அலாதி. கைதான் பந்தை அடிக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். "அதான் எல்லாரும் பண்ற தப்பு. மட்டை மேல போயி இறங்கும்போது மொதல்ல இடுப்பு திரும்பணும். அது பின்னாடி தோள். தோளுக்குப் பின்னாடி கை. கடைசியாத்தான் மட்டை வரணும். கல்யாண ஊர்வலம் மாதிரி வச்சுக்கங்க. மேளம் முன்னாடி, மாப்பிள்ளை காரு பின்னாடி. காரு மேளத்த முந்துனா ஊர்வலம் என்னாகும்?" என்றார். இடுப்பு திரும்பத் தாமதித்தால் கை அவசரப்படும். கை அவசரப்பட்டால், மட்டை பந்தைத் தொடுமுன்பே மணிக்கட்டின் மடிப்பு விரிந்துவிடும். பந்து எங்கோ போகும். இதெல்லாம் தவறுகள், சொல்லித் திருத்திவிடலாம். சொல்லக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அதற்குத்தான் அவர் பயப்படுகிறார்.

மட்டை பந்தைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால், வலது மணிக்கட்டு தானாக ஒரு துடி துடிக்கும். ஆட்டக்காரர் துடிக்கச் சொல்லியிருக்க மாட்டார். துடித்தது அவருக்கே தெரியாது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு, கோல்ஃப் உலகத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்பார்கள். அந்தப் பேச்சு பந்துக்காட்டுக்கும் வந்துவிட்டது. இங்கே அந்தத் துடிப்புக்குப் பெயர் பூச்சி.

"தப்புன்னா சொல்லலாம் சார். தப்புக்கு மருந்து இருக்கு. இது பயம். கைக்குள்ள போயி உக்காந்த பயம். அதக் கையக் காட்டிச் சொன்னோம்னா வளந்துரும்" என்றார் லட்சுமிநாராயணன். அப்படி அவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். சிவக்குமார் என்று திருநகர்க்காரர், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர். விவரம் தெரியாத காலத்தில், "வலது மணிக்கட்டு லேசா துடிக்குது, பாத்துக்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் சிவக்குமார் மட்டையைப் பிடித்துக்கொண்டு பந்துக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மட்டை மேலே போகவில்லை. வெயில் ஏறியும் போகவில்லை. இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறாராம். வணக்கம் சொல்லும்போது வலது கையைத் தூக்குவதில்லை என்றார் லட்சுமிநாராயணன். அதையும் பார்த்திருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். கதவில் சாவியை நுழைக்கும்போது, என்ன தோன்றியதோ, என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டேன். வருஷக்கணக்காக நுழைத்த சாவி நுழைய மறுத்தது. பூட்டின் வாயைச் சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி வந்து திறந்துவிட்டாள். சிரிப்புக்குரிய விஷயம்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

பூச்சி இப்போது அழகுபாண்டியின் கையில் வந்திருக்கிறது.

அழகுபாண்டி உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் சோளமும் துவரையும் போடுகிற குடும்பத்துப் பிள்ளை. கொடைக்கானலுக்கு வேலை தேடிப் போய், அங்கே கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பை தூக்கி, அவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஆடக் கற்று, தொழில்முறை ஆட்டக்காரரானவர். பந்துக்காட்டின் பெருமை இன்றைக்கு அவர்தான். வரும் வாரம் பெங்களூரில் தகுதிச் சுற்று. தேறினால் ஒரு வருஷம் முழுக்கப் பெரிய போட்டிகளில் ஆடலாம். தேறாவிட்டால் ஆட இடம் கிடையாது, மறுபடியும் பை தூக்கத்தான் போக வேண்டும். ஆறு மாதமாக அதற்காகவே விடியற்காலையில் வந்து அடித்துப் பழகுகிறார்.

போன வாரம் லட்சுமிநாராயணன் தன் வீட்டு மாடியறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கணினியில் அழகுபாண்டியின் அடியை ஓட்டினார். இடுப்பு திரும்பியது, தோள் வந்தது, கை வந்தது. எனக்கு எல்லாம் அழகாகவே தெரிந்தது. மறுபடி ஓட்டினார். படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகத் தட்டித் தட்டி நகர்த்தினார். "கட்டை விரலப் பாருங்க. மணிக்கட்டு துடிச்சா அதுலதான் தெரியும்." மட்டை பந்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கையில், வலது கட்டை விரல் மட்டையிலிருந்து மயிரிழை விலகி, மறுபடி ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். எல்லா அடியிலும் இல்லையாம். எப்போதாவது ஒன்றில் வருகிறது. ஆனால் போன மாதத்தைவிட இந்த மாதம் அதிகம்.

"சொன்னா சிவக்குமாருக்கு ஆனதுதான் இவனுக்கும். சொல்லலைன்னா பெங்களூருல, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில, கடைசிக் குழில வந்து நிக்கும். நான் என்ன சார் பண்ண?" என்றார். பிறகு தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் புரியவில்லை. காப்பி கொண்டுவந்த ஹம்சவேணிக்குப் புரிந்தது. அந்த அம்மாள் டம்ளரை வைத்துவிட்டு, அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வாசலில் என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடு பந்துக்காட்டுக்குப் போனேன். பெங்களூர் கிளம்புமுன் கடைசிப் பயிற்சி. லட்சுமிநாராயணன் கோணியை விரித்து முழங்காலிட்டார். போனைத் தூக்கிப் பிடித்தார். அழகுபாண்டி அடித்த முதல் சில பந்துகள் வெட்டுப்பட்ட மாதிரி ஒரு சுத்தமான சத்தத்தோடு கிளம்பி, மலையை நோக்கி நேராகப் போயின. எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. அடுத்த பந்தில் சத்தம் மாறியது. அது வலது பக்கம் விலகி வேப்பமரங்களுக்குள் போய் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு மயில் அலறிக்கொண்டு ஓடிவந்தது.

"காத்துண்ணே" என்றார் அழகுபாண்டி.

"ஆமா, காத்துதான்" என்றார் லட்சுமிநாராயணன். வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அழகுபாண்டி மட்டையைக் கீழே வைத்துவிட்டு எங்களை நோக்கி வந்தார். லட்சுமிநாராயணன் எழுந்து, போனைத் திரை உள்பக்கம் இருக்கும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். இப்போது கேட்கப்போகிறான், இவர் சொல்லித் தொலைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, பூச்சி தெரியுதான்னு கேக்க வரல" என்றார் அழகுபாண்டி. வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். "இருக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும். நீங்க சொல்லிறாதீங்க. உங்க வாயில இருந்து வந்துச்சுன்னா அம்புட்டுத்தேன், எந்திரிக்க மாட்டேன். பெங்களூரு போயிட்டு வாரேன். அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க."

லட்சுமிநாராயணன் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்கவே அவருக்குப் பயம்.

"மொகத்துலயும் காட்டாதீங்கண்ணே. ஒவ்வொரு அடிக்கும் அடிச்சு முடிச்ச ஒடனே உங்க மொகத்தத்தேன் பாக்குறேன். நீங்க எதையாச்சும் பாத்துட்டா அதுல தெரிஞ்சிருது."

"அப்ப நான் கெளம்பிரவா பாண்டி?"

"கெளம்பிறாதீங்க." இடது கையால் கோணியைக் காட்டினார். "நீங்க எப்பவும்போல அந்தக் கோணில இருக்கணும். இல்லைன்னா, ஏன் இன்னைக்கு ஆளக் காணம்னு கை கேக்கும்ணே."

அவர் திரும்பிப் போய்ப் பந்துக்கு முன்னால் நின்றார். கால்களை அகட்டி வைத்தார். லட்சுமிநாராயணன் மறுபடி கோணியில் முழங்காலிட்டு, எப்போதும்போலப் போனைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். நான் அவருக்குப் பக்கவாட்டில் நின்றேன். போனின் திரை கறுப்பாக இருந்தது. காமிராவைப் போட மறந்துவிட்டாரோ என்று குனிந்து அவர் தோளைத் தொடப் போனேன்.

அழகுபாண்டி மட்டையை மேலே தூக்கினார். லட்சுமிநாராயணன், இளைஞன் திரும்பிப் பார்ப்பதற்கென்று ஒரு சிரிப்பை முன்கூட்டியே உதட்டில் வைத்துக்கொண்டு, போனுக்குப் பின்னால் இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார்.