மூட்டைப்பூச்சியின் ரசிகர்

முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த ராப் பாட்டு வெளிவந்து இரண்டு மாதத்தில் இணையத்தில் அது ஒலித்த தடவைகள் அவ்வளவுதான். அதிலும் முப்பது நாற்பது முறை கேட்டது ஒரே ஆள். அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்து மூன்று. முன்வழுக்கை ஏறிவிட்டது. மகள் பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறாள். அவர் தெருவில் அந்த வயதில் ராப் பாட்டுக்குத் தலையாட்டுகிற ஆள் வேறு யாரும் இல்லை.

மேடையும் வெளிச்சமும் கிடைத்துவிட்ட பாடகர்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் தேடிப் பிடித்தவர்கள் யாருக்கும் தெரியாதவர்கள். டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பாட்டுக் கட்டும் ஒருவர். ஆம்புலன்ஸ் ஓட்டும் இன்னொருவர். அவருடைய வரிகள் பிரேக் அடித்த மாதிரி சட்டென்று நிற்கும். துணிக்கடையில் வேலை பார்க்கும் இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவள் அடுத்த வரியை எடுத்துக்கொள்வாள். இவர்களைப் பற்றி வாரம் ஒரு முறை செல்போனில் பேசிப் பதிவு செய்து, 'கீழ்த்தளம்' என்ற பெயரில் இணையத்தில் போடுவார். முகத்தைக் காட்டமாட்டார். கறுப்புத் திரை, பாட்டில் ஒரு துண்டு, அவர் குரல், அவ்வளவுதான். "வணக்கம் கீழ்த்தளத்து மக்களே" என்று தொடங்குவார். எதுகை எங்கே விழுகிறது, எந்தச் சொல்லை வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று கழற்றிக் காட்டுவார். மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவருக்கு அது கைவந்த வேலை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏங்க, இவங்க யாரைத் திட்டுறாங்க?"

"திட்டலம்மா. கேள்வி கேக்குறாங்க."

"கேள்வி கேக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்? பஸ்ஸு போயிடுமா?"

முந்நூற்றுப் பன்னிரண்டே தடவை ஒலித்த அந்தப் பாட்டைப் பாடியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மூட்டைப்பூச்சி. கனத்த, கரகரத்த ஆண்குரல். ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது. பாட்டு, ஊரின் புதுப் பகுதியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டடத்தைப் பற்றியது. அங்கே சுவர் சரிந்து மூன்று பேர் அடியில் மாட்டிக்கொண்டார்கள். கட்டடக்காரர் போலீசைக் கூப்பிடவில்லை. கான்கிரீட்டைக் கொட்டி, அதன்மேல் தரை போட்டார். தேடி வந்த குடும்பங்களிடம், "வேலை பிடிக்காம ஓடிப்போயிட்டானுங்க" என்று சொன்னார். பாட்டில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் கலவை இயந்திரம் நிற்காமல் சுற்றிய சத்தம் இருந்தது, கைப்பிடி உடைந்த ஒரு மண்வெட்டி இருந்தது. பாடியவர் இதைக் கண்ணால் பார்த்தவர் என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒரு கலைஞரை ஊர் கண்டுகொள்ளவில்லையே என்று மெக்கானிக்குக்குக் கொதித்தது. பதினொரு நிமிடம் பேசிப் பதிவு போட்டார். அதில்தான் அந்தத் தவறு நடந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் ரசிகருக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய தவறு.

"பின்னாடி ஒரு 'டக்… டக்'னு கேக்குதே, அது மேளம் இல்ல மக்களே. லிஃப்ட்டு பிரேக்கு! கம்பிக் கதவு வச்ச பழைய லிஃப்ட்டு. தம்பி மொட்டை மாடியில மோட்டார் ரூம்ல உக்காந்து பதிவு பண்ணிருக்காப்ல. அந்தச் சத்தத்தை மறைக்காம, அதையே தாளமா வச்சு, ரெண்டு 'டக்'குக்கு நடுவுல எதுகையைச் சொருகிருக்காப்ல பாருங்க. என்னா மூளை! அந்த மாதிரி லிஃப்ட்டு நம்ம ஊர்ல விரல் விட்டு எண்ணிடலாம். எல்லாம் நான் எண்ணெய் போட்டதுதான்."

பதிவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். அதுவரை அவர் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் ஒரு பேருந்துக்குக்கூடத் தேறமாட்டார்கள். இந்த முறை, காணாமல்போன மூவரில் ஒருவரின் மைத்துனர் அதைக் கேட்டுவிட்டார். அவர் பத்துப் பேருக்கு அனுப்ப, அவர்கள் நூறு பேருக்கு அனுப்ப, ஒரே வாரத்தில் பாட்டு தெருவுக்குத் தெரு ஒலித்தது. மூன்று குடும்பங்களும் தொழிலாளர் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தன. விசாரணைக்கு உத்தரவானது. கண்ணால் பார்த்த சாட்சி யாராவது இருந்தால் முன்வரலாம் என்று அறிவித்தார்கள்.

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. தன் ஆளை ஊரே கேட்கிறது. இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் மதியம், சர்வீஸ் அலுவலகத்தில் புகார்களை வாங்கி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அக்கா அவரிடம் சொன்னார்: "ஏம்பா, காலையில ஒரு போன் வந்துச்சு. கம்பிக் கதவு லிஃப்ட்டு எந்தெந்தக் கட்டடத்துல இருக்குன்னு கேட்டாங்க. பழைய சாமான் வாங்குறவங்களாம். சொல்லிட்டேன். உன்னைக்கூடக் கேளுங்கன்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க."

மெக்கானிக் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பழைய சாமான் வாங்குகிறவன் மெக்கானிக்கை வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பதிவை அழித்தார். ஆனால் அதற்குள் அது எத்தனையோ பேர் கையில் இருந்தது. மூட்டைப்பூச்சியின் கணக்குக்குச் செய்தி அனுப்பினார்: தம்பி, அந்த இடத்தை விட்டுப் போயிடுங்க. பதில் இல்லை. மறுபடி அனுப்பினார். அவர் செய்தியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அங்கேயே நின்றபடி பாட்டைக் காதில் போட்டுக்கொண்டார். ரசித்துக் கேட்ட அதே பாட்டை இப்போது தேடுகிறவனின் காதால் கேட்டார். இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு, மூச்சுக்குப் பின்னால், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மெலிதாகக் கேட்டது. மோட்டார் அறையை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி இருக்கும் கட்டடம் ஒன்றே ஒன்றுதான். தனக்குத் தெரிந்தது கட்டடக்காரரின் ஆட்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் ஒவ்வொன்றாகத் தேடினாலும் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அது ஆறு மாடிக் கட்டடம். நடுவில் லிஃப்ட், அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் படிகள். காவலாளி அவரைப் பார்த்துத் தலையசைத்தார். சர்வீஸுக்கு வருகிற ஆள்தானே. மெக்கானிக் படியேறினார். மோட்டார் அறை உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"யாரு?" என்றது ஒரு பெண்குரல்.

"லிஃப்ட் சர்வீஸும்மா. கதவைத் திற."

உள்ளேயிருந்து மெதுவாக: "கீழ்த்தளத்து அண்ணனா?"

நாலு சொல் பேசியதில் கண்டுபிடித்துவிட்டாள். அப்படியானால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள்.

கதவு திறந்தது. இருபத்தைந்து வயதிருக்கும். கையில் துடைப்பம், காலடியில் ஒரு வாளி. அந்தக் கட்டடத்தின் படிகளைக் கூட்டித் துடைக்கிறவள். காவலாளி அவளுக்குத் தாய்மாமா. அவள் முதுகுக்குப் பின்னால் சுவரெல்லாம் கிழிந்த மெத்தைப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆணியில் ஒரு மைக் தொங்கியது. அதன் தலையில் ஒரு பழைய சாக்ஸ்.

"தம்பி எங்கம்மா? சீக்கிரம் சொல்லு, நேரமில்ல."

"எந்தத் தம்பி?"

"மூட்டைப்பூச்சி."

"தம்பி, தம்பின்னு பதினோரு நிமிஷம் உயிரை விட்டீங்களேண்ணா, அது நான்தான். போன்லயே குரலைக் கனமாக்கிக்கலாம்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றது. "என்னாச்சு?"

அவர் சொன்னார். அவள் துடைப்பத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் வரும் கட்டடத்தில் அவள் சித்தாளாக வேலை பார்த்தவள். சுவர் சரிந்தபோது கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். பாட்டு இப்படிப் பரவும் என்று நினைக்கவில்லை. பரவியதும் பயந்து, போனிலிருந்து கணக்கையே எடுத்துவிட்டாள்.

அப்போது அவள் போன் அடித்தது. காவலாளி. குரல் கிசுகிசுத்தது: "ரெண்டு பேரு வந்திருக்கானுங்க. மோட்டார் ரூமைப் பாக்கணுமாம். லிஃப்ட்ல ஏறிட்டானுங்க."

மோட்டார் உறுமியது. பிரேக் விடுபட்டது: டக். மெக்கானிக் யோசிக்கவில்லை. மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். டக். சக்கரம் நின்றது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் தொங்கியது.

"நீ வாளியைத் தூக்கிக்கிட்டு இறங்கு. ஓடாத. அவனுங்க ஆம்பளையைத் தேடுறானுங்க."

"நீங்கண்ணா?"

"போம்மா!"

அவள் இறங்கினாள். மேலே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஐந்தாம் மாடி, நான்காம் மாடி. வாளியின் கைப்பிடி ஒவ்வொரு படிக்கும் கிணுங்கியது. பிறகு நின்றது.

"ஏய், பொண்ணு! மெக்கானிக்கைக் கூப்பிடு! மாட்டிக்கிட்டோம்!"

"இருங்க சார், கீழ போய் மாமாகிட்டச் சொல்றேன்."

"மேல யாராவது இருக்கானா?"

"நான் இப்பத்தான் கூட்டிட்டு வர்றேன். தண்ணி தொட்டிதான் இருக்கு."

வாளி மறுபடி கிணுங்கியது. தேய்ந்து தேய்ந்து, கேட்காமல்போனது. தெருக்கதவு சாத்தும் சத்தம் வந்தது.

இப்போது அவர் சும்மா இருந்தால் போதும். அவர்கள் அவர் பதிவைக் கேட்டவர்கள். வாயைத் திறந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டைக் கீழே இறக்கிவிட்டு, தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. கம்பி இடுக்கில் கையை விட்டு, மூன்றாம் மாடிக் கதவின் கொண்டியை யாரோ நெம்பும் சத்தம்.

"நான் குதிச்சிடுறேன்டா, பாதி ஆள் உயரம்தானே," என்றான் ஒருவன்.

மாடிகளுக்கு நடுவே நிற்கும் லிஃப்ட்டிலிருந்து குதிக்கிறவன், கால் வழுக்கினால் முன்பக்கம் விழுவதில்லை. லிஃப்ட்டின் அடியில் திறந்து கிடக்கும் பள்ளத்துக்குள் போய்விடுவான். அப்படிப் போன ஒரு ஆளை அவர் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் வெளியே எடுத்திருக்கிறார். கொண்டி விடுபட்டது. கதவு சரசரத்துத் திறந்தது.

"குதிக்காதீங்க!" என்று கத்தினார். "கீழ பள்ளம் இருக்கு! உள்ள போங்க! கதவைச் சாத்துங்க! நான் இறக்கிவிடுறேன்!"

கிணற்றுக்குள் கத்திய மாதிரி அந்தக் குரல் எதிரொலித்து அடங்கியது. கீழே ஒருவன், மற்றவனிடம், சாவகாசமாகச் சொன்னான்:

"வணக்கம் கீழ்த்தளத்து மக்களே."

அவர் சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை மூன்றாம் மாடிக்கு இறக்கினார். பாதியில் விட்டுவிட்டு ஓட அவருக்குத் தெரியவில்லை. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், தடியன் ஒருவன். பஞ்சு ஒட்டிய சுவரைப் பார்த்தார்கள். சாக்ஸ் மாட்டிய மைக்கைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள்.

"அட, நீதானா மூட்டைப்பூச்சி?" என்றான் வெள்ளைச் சட்டை. "கிழட்டுப் பூச்சியா இருக்கே. உன் பாட்டை நீயே பதினோரு நிமிஷம் புகழ்ந்துக்கிட்டியா? வெக்கமா இல்ல?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

குதிக்கப் பார்த்த தடியன் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சட்டை, மெக்கானிக்கின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படம் பிடித்தான். "விசாரணைப் பக்கம் தலை வச்சுப் படுக்காத. புள்ளைங்க எந்த ஸ்கூலுன்னு விசாரிச்சுக்குறோம்," என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் மனைவியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மனைவி கேட்டுக்கொண்டே மகளின் துணிகளைப் பையில் அடுக்கினார். மகளை அத்தை வீட்டில் விட முடிவாகிவிட்டது.

"மத்தவங்க பாட்டுக்குத் தலையாட்டுனது பத்தாதுன்னு, தலையையே குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"நான்னு சொல்லலம்மா. இல்லன்னும் சொல்லல."

"இல்லன்னு சொல்லிருந்தா?"

"அப்புறம் யாருன்னு கேப்பானுங்க."

மனைவி பையின் ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கியது. அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு எதிர் நடைபாதையில் ஒரு பைக் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தவன் எதுவும் செய்யவில்லை. மனைவி மருந்துக்கடைக்குப் போகும்போது ஒரு தடவை ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். மெக்கானிக் லிஃப்ட்டுகளின் அடியில் இறங்கி வேலை செய்யும்போது, மேலே யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவார்களோ என்று நிமிடத்துக்கு ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். அவர் பதிவு எதுவும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, உங்களைத்தான் நான்னு நெனச்சிட்டிருக்காங்களாமே. மாமா சொன்னாரு."

"நெனச்சுக்கட்டும். நீ தூரத்துல இரு."

"உங்களுக்கு எதுகை வராதுண்ணா. இந்த வேஷம் ரொம்ப நாள் தாங்காது." அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க எனக்காக அடி வாங்கினா, அடுத்த பாட்டை நான் எந்த வாயால பாடுறது?"

மறுநாள் அவள் மூன்று குடும்பங்களோடும் சேர்ந்து போய், விசாரணை அதிகாரியின் முன் தன் சொந்தப் பெயரில் வாக்குமூலம் கொடுத்தாள். எந்த மாடி, எந்த மூலை என்று படம் வரைந்து காட்டினாள். கட்டடக்காரர் அதைக் கேள்விப்பட்ட பிறகும் பைக் எதிர் நடைபாதையை விட்டுப் போகவில்லை. அதில் உட்காரும் ஆள்தான் மாறியிருக்கிறான்.

அவள் காட்டிய இடத்தில் தரையை உடைக்கும் வேலை திங்கட்கிழமை காலை தொடங்குகிறது.