சௌமினிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி

வத்ஸனுக்குத் தொழில் வீடுகளுக்கு ஒயரிங் செய்வது. வடகரைக்குத் தெற்கே அந்தக் கடலோர ஊரில் அவன் கூலி வாங்காமல் செய்த ஒரே வேலை, வாசகசாலையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது.

பழைய தளத்தில் யாரோ புகுந்து சூதாட்ட விளம்பரம் ஒட்டிவிட்டுப் போனார்கள். வத்ஸன் அதை அடியோடு தூக்கிவிட்டு வேறொரு மென்பொருளைப் போட்டான். வெறும் எழுத்தாக எழுதிக் கொடுத்தால் போதும். அது பக்கங்களாகக் கட்டி வைத்துவிடும். வாசிக்க வருபவருக்குக் கட்டி முடித்த பக்கம்தான் போகும் என்பதால், திருடன் கைவைக்க அதிகம் ஒன்றுமில்லை. இன்னும் எழுதாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் மட்டும் அந்தப் பெயருக்கு அருகே ஒரு கேள்விக்குறி விழும்.

"எங்க பார்த்தாலும் கேள்விக்குறி. பரீட்சைத்தாள் மாதிரி இருக்குடா," என்றார் வாசகசாலைச் செயலாளர், பள்ளி ஆசிரியராக இருந்த குஞ்ஞிக்கண்ணன் மாஷ்.

"ஊர்க்காரங்க யார் வேணும்னாலும் அவங்க பேர்ல உள்ள வந்து எழுதலாம், திருத்தலாம். யாராவது வந்து எழுதுவாங்க மாஷே."

முதலில் வந்தது மீன்காரி சௌமினி. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நேராக வத்ஸனிடம் போனாள்.

"மைதானத்தைப் பத்தின பக்கத்துல 'கோல்கீப்பர் சௌமினி'ன்னு போட்டு, பக்கத்துல எதுக்குடா கேள்விக்குறி? நான் கோல்கீப்பரான்னு உனக்குச் சந்தேகமா?"

"ஐயோ சேச்சி, உங்களைப் பத்தி இன்னும் எழுதலைன்னு அர்த்தம். சொல்லுங்க, இப்பவே எழுதிடறேன்."

அவள் உட்கார்ந்து சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஓணத்தில் பெண்கள் அணியும் வாசகசாலைக் கமிட்டியும் கால்பந்தில் மோதின. கடைசி நிமிடத்தில் மாஷ் அடித்த பெனால்டியை அவள் தடுத்தாள், பெண்கள் ஜெயித்தார்கள். வத்ஸன் ஒரு வரி விடாமல் ஏற்றினான். கேள்விக்குறி போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பக்கத்தில் 'பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது' என்றிருந்தது. வத்ஸன் பழைய மாற்றங்களின் பட்டியலைத் திறந்தான். செவ்வாய் காலை பத்தே கால், குஞ்ஞிக்கண்ணன். ஒரு பொத்தானில் பழையபடி ஆக்கிவிடலாம். அவன் ஆக்கவில்லை. மாஷைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மாஷின் முகம் வெளிறியது. "யார் மாத்தினாங்கன்னும் எழுதி வெக்குமா அது?"

"ஒரு காற்புள்ளி போட்டாக்கூட, மாஷே."

அந்த நேரம் பார்த்துச் சௌமினி கூடையோடு வந்து சேர்ந்தாள். திரையைப் படித்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"கம்பமா? வெறும் மூங்கில் நட்டுக் கட்டின கோல் போஸ்டுங்க அது, பந்து பட்டிருந்தா சாஞ்சிருக்கும். உங்க பந்து பட்டது என் வயித்துல. ரெண்டு நாள் சோறு இறங்கலை."

மாஷ் தோள் குலுங்கச் சிரித்தார். "வீட்டுல பசங்க கேட்டப்பல்லாம் கம்பம்னே சொல்லிட்டேன் சௌமினி. நாளாவட்டத்துல நானே நம்பிட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒற்றை விரலால் அவரே தட்டினார்: 'பந்தைச் சௌமினி தடுத்தார். அருமையான தடுப்பு.'

சௌமினிக்கு அந்தக் கணினியின் மேல் ஆசை விழுந்துவிட்டது. இப்போது தினமும் காலையில், எந்தப் படகில் என்ன மீன் வந்தது என்று அவள் சொல்லச் சொல்ல வத்ஸன் நாலு வரி குறிப்பு ஏற்றுகிறான். துபாயிலும் தோஹாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் போனுக்கு அது தானாகப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து வாங்க முடியாத அயிலை மீனைப் பற்றிப் படித்துவிட்டு அவளைத் திட்டி எழுதுகிறார்கள். அந்தத் திட்டுகளை வத்ஸன் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, பதிலையும் அவளே சொல்கிறாள். ஒயரிங் வேலைக்கு அவன் தினமும் தாமதமாகத்தான் போகிறான்.